ஒர்க்ஸ் மேனேஜர் அடித்த பெனால்டி

அருளு,

உன் கடிதம் வந்தது. நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. முட்டி வீங்கிக் கிடக்கிறது, அடுத்த சீசனுக்கு உன்னை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் நலம் விசாரித்தால் கிண்டல் செய்கிற மாதிரி இருக்கும். கிண்டலுக்கு இந்தக் கடிதத்தில் வேறு இடம் வைத்திருக்கிறேன். இங்கே வீட்டில் எல்லாம் வழக்கம் போலத்தான். உன் அப்பா இந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார். அன்றைக்கு ஃபேக்டரி கிரவுண்டில் அவருக்காக ஒரு மேட்ச் வைத்து, மாலை போட்டு, மைசூர்பாகும் மிக்சரும் கொடுத்து அனுப்பப் போகிறார்கள். அதற்கு வா என்று நான் எழுதியதற்குத்தான் நீ கல்கத்தாவிலிருந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறாய். முக்கால்வாசி உன் கனவைப் பற்றி. கடைசியில் ஒரு வரி: "நான் தோத்திருக்கலாம்மா, ஆனா நைனா மாதிரி மேட்ச விக்கல. வித்தவருக்கு மாலை போடறத வந்து பாக்க என்னால முடியாது." அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், உட்கார்ந்து படி. தடவிக் கொடுக்கிற அம்மா வேண்டும் என்றால் நீ குவார்ட்டர்ஸில் எதிர் பிளாக்கில் பிறந்திருக்க வேண்டும்.

முதலில் கனவை முடித்துவிடுகிறேன், அது சுலபம். நீ நல்ல ஆட்டக்காரன் இல்லை, அருளு. சுமாரான ஆட்டக்காரன். உன்னை வளர்த்தவள் என்பதால் சொல்லவில்லை, ஃபுட்பால் பார்த்தே வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். பிறந்த வீட்டில் அண்ணன்கள் நாலு பேரும் ஆடினார்கள். கட்டிக்கொண்டு வந்த இடத்தில் புருஷன் ஃபேக்டரி டீமின் கோல்கீப்பர். ஆவடிக்கு வந்த நாளிலிருந்து அந்த கிரவுண்டின் வேலியோரம் நின்று நான் பார்க்காத மேட்ச் இல்லை. உன் வலது கால் நல்ல கால், அதில் பொய் இல்லை. இடது கால் நிற்பதற்கு மட்டும்தான் பயன்படும். பந்து உன்னிடம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாய், பக்கத்தில் ஒருத்தன் காலியாக நின்று கத்துகிறான் என்பது உனக்குத் தெரியாது. அம்பத்தூரில் ஒரு டோர்னமெண்டில் உன்னைப் பாதியில் வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார்களே, கோச்சுக்குக் காசு கொடுத்துவிட்டார்கள் என்று வீடு முழுக்கக் கத்தினாயே, அன்றைக்கு அந்த கோச் இடத்தில் நான் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட விட்டிருக்க மாட்டேன். கல்கத்தா போனதிலிருந்து "டீம்ல இருக்கேன்" என்று எழுதிக்கொண்டிருந்தாய். மாடி வீட்டு வங்காளத்து அம்மாவுக்கு ஊரிலிருந்து பேப்பர் கட்டுக் கட்டாக வரும். உன் கிளப் ஆடிய மேட்சிலெல்லாம் உன் பெயரைத் தேடச் சொல்லி நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பாவம், அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் நான் படியேறி வருவதைப் பார்த்தாலே பேப்பரை மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தாள். கனவைத் துரத்து, விடாதே என்று உங்கள் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்த சீஃப் கெஸ்ட் ஒருவர் பேசியதை நீ நோட்டில் எழுதி வைத்திருந்தாய். அவர் பேசி முடித்துக் காரில் ஏறிப் போய்விட்டார். துரத்திக்கொண்டு நடந்தே போனவன் நீ.

இதெல்லாம் உனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இத்தனை வருஷம் நீ தலை நிமிர்ந்து நடந்ததற்கு ஒரே காரணம், உன் அப்பாவை விட நீ மேல் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான். அந்தக் கதைக்கு நான் வருகிறேன். அதற்கு முன்னால் குஸ்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் குஸ்திப் பைத்தியத்தை நீயும் உன் சிநேகிதர்களும் எவ்வளவு கேலி செய்தீர்கள் என்று எனக்கு மறக்கவில்லை.

உனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும்போது அம்பத்தூரில் ஒரு காலி மனையில் கூடாரம் போட்டுக் குஸ்தி காட்டினார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, மலையைப் போன்ற வீரர்கள், ரத்தம் தெறிக்கும் சண்டை என்று நாள் முழுக்க அலறிவிட்டுப் போனான். உன்னையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனோம். சிவப்பு ஜட்டிக்காரன் ஒருவன், நீல ஜட்டிக்காரன் ஒருவன். நீ நீலத்தின் பக்கம். நீலம் நெற்றியில் ரத்தம் வழிய மல்லாந்து கிடந்தபோது நீ அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எல்லாம் முடிந்து வெளியே வந்தால், கூடாரத்துக்குப் பின்னால் டீக்கடையில் சிவப்பும் நீலமும் சட்டை போட்டுக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிய்த்து இரண்டு பேரும் டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நீ அழுதாய். அவன் தோற்றபோது வராத அழுகை, அவனுக்கு அடியே படவில்லை என்று தெரிந்தபோது வந்தது. பஸ்ஸில் ஆவடி வரை அழுதாய். உன் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அவுங்க தொழிலு அது நைனா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மட்டும் அந்த நீல ஜட்டிக்காரனை நினைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சத்தமாகக் கீழே போட்டு, ஒரு எலும்பும் நோகாமல் எழுந்து போய் பன் தின்கிறான் என்றால் அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று தோன்றியது.

அப்புறம் கேபிள் வந்தது. குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிகளில் ஒயர் ஓடியது. மத்தப் பெண்கள் எல்லாம் சீரியலுக்கு உட்கார, நான் வெள்ளைக்காரன் குஸ்திக்கு உட்கார்ந்தேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை முடித்து வந்து, காலை நீட்டிக்கொண்டு, நாற்காலியால் ஒருத்தன் முதுகில் இன்னொருத்தன் அடிப்பதைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய கணக்கு தீரும். "அது டூப்பும்மா" என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்வாய், நான் ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலையில். எனக்கு அம்பத்தூர் டீக்கடையிலேயே தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய். குஸ்தியில் எனக்குப் பிடித்ததே அதுதான். தோற்கப் போகிறவனுக்குத் தோற்கப் போகிறோம் என்று தெரியும். தெரிந்து ஏறி, ஜெயிக்கிறவனை நல்லவனாகவோ கெட்டவனாகவோ ஆக்கிக் காட்டிவிட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறான். ஃபுட்பாலில் பாதி பேர் தோற்பதற்கென்றே பிறந்து வருகிறார்கள், அவர்களிடம் மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை. அந்த அநியாயம் எனக்குப் பிடிக்காது. ஃபுட்பாலை நான் பார்ப்பேன், மதிக்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் என் கண்ணுக்கு உன் அப்பாவை விடப் பெரிய குஸ்திக்காரன் இந்தியாவிலேயே கிடையாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஃபேக்டரியில் வருஷா வருஷம் நடக்கிற ஆபீசர்கள், தொழிலாளர்கள் மேட்ச் உனக்கு மறந்திருக்காது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அதற்கு ஒன்று இருந்தது. தொழிலாளர்கள் நன்றாக ஆடலாம், ஒன்றிரண்டு கோல்கூடப் போடலாம், கடைசியில் ஆபீசர்கள் ஜெயிக்க வேண்டும். மேட்ச் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரெஃபரி ஒரு பெனால்டி கொடுப்பார். யார் கையில் பந்து பட்டது என்று கேட்டால் ரெஃபரிக்கே தெரியாது. ஒர்க்ஸ் மேனேஜர் வந்து அடிப்பார். தொழிலாளர்கள் அவருக்கு பலூன் என்று பெயர் வைத்திருந்தார்கள், பெயருக்கு ஏற்ற உடம்பு. கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்து, கோல்கீப்பரின் இடது பக்கமாக ஒரு தட்டு தட்டுவார். அவருக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் வரும். உன் அப்பா வலது பக்கமாகப் பாய்ந்து விழுவார். கோல். ஃபோட்டோ எடுப்பார்கள். இரண்டு டீமும் ஒன்றாக உட்கார்ந்து டிபன் சாப்பிடும். ஃபேக்டரி டீமில் வேறு பையன் கோல்கீப்பராக வந்த பிறகும் இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் உன் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மத்தவர்கள் விழுந்தால் விட்டது பச்சையாகத் தெரியும். உன் அப்பா விழுகிற அழகில், இந்த மனுஷன் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தும் மேனேஜர் அடித்த அடி போய்விட்டது என்றே தோன்றும். விழுந்துவிட்டுத் தரையை ஒரு குத்து குத்துவார் பார், அதற்கே சம்பளம் தரலாம்.

சின்ன வயதில் நீ இதை முழுசாக நம்பினாய். வீட்டுக்கு வந்து அப்பாவின் முழங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, "அடுத்த வருஷம் புட்ச்சிடு நைனா" என்று ஆறுதல் சொல்வாய். நான் சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன், அவர்தான் வேண்டாம் என்றார். வெள்ளானூர் பக்கம் பையன்களோடு ஆடப் போன இடத்தில் எவனோ சொல்லிவிட்டான். "உங்க நைனா வருஷா வருஷம் பலூனுக்குக் கால் கழுவுறாருடா" என்று சொன்னானாம். நீ அவனை அடித்து, அவன் உன்னை அடித்து, கிழிந்த உதட்டோடு வந்தாய். உனக்கு அப்போது பதினான்கு. அழவில்லை, சாப்பிடவில்லை. அந்த வருஷ மேட்சுக்கு முந்தின நாள், உன் அப்பா வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு லேஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது போய் எதிரில் நின்றாய்.

"நைனா, ஒரே ஒரு தபா புடி. எனக்கோசரம். அப்பால நான் கேக்கவே மாட்டேன்."

அவர் லேஸைக் கோத்துக்கொண்டே, "பாக்கலாம்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் நீ கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பெண்களோடு கோலுக்குப் பக்கத்து ஷாமியானாவுக்குக் கீழே. பெனால்டி வந்தது, பலூன் ஓடி வந்தார், வழக்கம் போல இடது பக்கம் தட்டினார். உன் அப்பா அன்றைக்கு இடது பக்கமே பாய்ந்தார். பந்து கையில் பட்டது. பட்டு, நின்ற மாதிரி ஒரு கணம் காட்டிவிட்டு, உள்ளே உருண்டது. கிரவுண்டே எழுந்து கை தட்டியது. நானும் எழுந்து தட்டினேன். இத்தனை வருஷம் தப்பான பக்கம் விழுந்த ஆள் இந்த வருஷம் சரியான பக்கம் விழுந்து, கையிலும் பட வைத்து, அப்புறம் விடுகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய வேலை. டீவியில் பிற்பாடு எத்தனையோ பேர் விழுந்து பார்த்தேன், அந்தத் தரத்துக்கு ஒருத்தன் வரவில்லை. பலூன் ஓடி வந்து அவரைத் தூக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வலைக்குப் பின்னாலிருந்து நீ சொன்னதை என் காதால் கேட்டேன்.

"ஜெனரல் ஷிஃப்டுக்கு வித்துட்ட இல்ல. தூ."

துப்பினாய். வலையில் பட்டு வழிந்தது. குப்புற விழுந்ததில் அவர் முகமெல்லாம் மண்ணாக இருந்தது. அப்படியே உன்னைப் பார்த்தார். நீ சொன்னதில் தப்பும் இல்லை, இடுப்பு வலிக்காக அவர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பகல் வேலை, டூல் ரூமில் ஜெனரல் ஷிஃப்ட், அடுத்த மாதமே கிடைத்தது. இத்தனை வருஷம் விழுந்தும் வராதது அந்த ஒரு விழுகைக்கு வந்தது. அவர் அதற்கப்புறம் நைட் ஷிஃப்ட் பார்க்கவே இல்லை. நீ அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. "சோறு வேணுமான்னு கேளும்மா" என்று அவர் என்னிடம் சொல்ல, "வேணாம்னு சொல்லும்மா" என்று நீ என்னிடம் சொல்ல, ஒரு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன். கல்கத்தாவுக்கு ரயில் ஏறிய அன்றும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய்.

நான் இதில் யாருக்கும் பரிந்து பேசவில்லை, உனக்குத் தெரியும். எனக்கு உன் அப்பா விற்றது தப்பாகவே படவில்லை. ஆபீசரின் தொப்பைக்கு ஒரு கோல் கொடுத்து, இடுப்பு வலிக்கு ஒரு ஜெனரல் ஷிஃப்ட் வாங்கினார், நல்ல பேரம் என்றுதான் இருந்தேன். உன்னைத்தான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அன்றிலிருந்து உன் ஆட்டத்தில் ஒரு திமிர் வந்தது. கோல் போட முடியாவிட்டால் ரெஃபரி காசு வாங்கிவிட்டான். உன்னை எடுக்காவிட்டால் செலக்டர் வாங்கிவிட்டான். பூந்தமல்லி மேட்சில் காலியாக நின்றவனுக்குப் பந்து கொடுக்காமல் நீயே அடித்து வெளியே அனுப்பிவிட்டு, நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை என்று பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? திறமையில் குறை என்பதை நீ எந்த இடத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. உனக்கு நேர்மை இருந்தது, அதனால் திறமை தேவைப்படவில்லை. முட்டி வீங்கிப் படுத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஒரு மெஸ்ஸில் ஆறிப்போன சோற்றைத் தின்றுகொண்டு, இன்னும் நீ கையில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான். தோற்றேன், விற்கவில்லை. அதையும் இப்போது பிடுங்கப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, உன் அப்பா பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். கடைசி வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், வேறு பெண்டாட்டியாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். நான் அதையும் சேர்த்தே படித்தேன். ரிடையர் ஆகிற மனுஷன், பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொண்டே ரிடையர் ஆகட்டும் என்று இருந்தது. அவர் செதில் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"நா வுடல மே."

என்னது என்று கேட்டேன்.

"அன்னிக்கு நா வுடல. புடிக்கத்தான் போனேன். புடிக்க முடில."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் அவராகவே சொன்னார். நீ வந்து கேட்ட பிறகு முடிவு செய்துவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லையாம், என்னிடம்கூட. பலூன் எந்தப் பக்கம் அடிப்பார் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு வேகத்தில் வரும் என்று தெரியும், ஸ்கூல் பிள்ளை அடிக்கிற வேகம்தான். எல்லாம் தெரிந்து, முழு மனதோடு இடது பக்கம் பாய்ந்தார். கை போய்ச் சேர்ந்தது. விரல் மடங்கிக்கொண்டு பந்து உள்ளே போய்விட்டது. அவருடைய இடது சுண்டுவிரல் நேராக நிற்காது, பார்த்திருப்பாய். மெஷினில் மாட்டிக்கொண்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பந்தில் ஒடிந்ததாம். ஒடிந்த விரலோடு மண்ணில் கிடக்கும்போது ஊரே கை தட்டியிருக்கிறது. பலூன் கட்டிப்பிடித்துக்கொண்டு காதில், இந்த வருஷம்தான் உண்மையாகவே விழுந்த மாதிரி இருந்தது என்று சொன்னாராம். நீ துப்பினாய். நான் சிரித்துக்கொண்டே கை தட்டினேன். டூல் ரூமில் போய் உட்கார்ந்தார், தான் செய்யாத நடிப்புக்குக் கிடைத்த நாற்காலியில்.

இத்தனை வருஷம் குஸ்தி பார்த்த கண் என்னுடையது. டூப்பையும் நிஜத்தையும் பிரித்துச் சொல்வேன் என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் குவார்ட்டர்ஸில் இல்லை. என் புருஷன் நிஜமாகப் பாய்ந்த ஒரே பாய்ச்சலை நான் நடிப்பு என்று பாராட்டியிருக்கிறேன். எனக்கு அந்த இடத்தில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷம் பிள்ளை பேசவில்லையே, ஒரு வார்த்தை, புடிக்கத்தான்டா பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, பிள்ளை ரயில் ஏறிப் போனபோதாவது சொல்லியிருக்கலாமே, வாயில் என்ன வைத்திருந்தாய் என்று அவரைக் கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன், அதை எழுத மாட்டேன். அவர் கையைக் கழுவி, லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது, மீன் கழுவினால் கண் கலங்காது.

"அவங்கிட்ட எழுதிப்புடாத மே. வித்துட்டான்னே இர்க்கட்டும். பலூன் அடிச்ச பந்த புடிக்கத் துப்பில்லன்னு அவனுக்குத் தெரிய வாணாம்."

எழுதிவிட்டேன், அருளு. உன்னை நோகடிக்கத்தான் எழுதினேன், அதில் சந்தேகம் வேண்டாம். உன் அப்பா விற்கவில்லை. உன்னைப் போலவேதான் தோற்றார், உன்னைப் போலவே மனசாரப் பாய்ந்து, கை போதாமல். நீ விற்றவனுடைய பிள்ளை இல்லை, முடியாதவனுடைய பிள்ளை. உனக்கு இடது கால் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் நீ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம் சொல்கிறேன். நீ தோற்றதை மறைக்க ஊரில் இருக்கிறவனையெல்லாம் திருடனாக்கினாய். அவர் தன்னைத்தானே திருடனாக்கிக்கொண்டார்.

முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மாதக் கடைசிக்கு முந்தின நாள் வந்து சேர். வந்தால் அவர் காலில் விழாதே, கட்டிப்பிடிக்காதே, மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்காதே. எடுத்தால் நான் எழுதிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் அந்த மனுஷன் தலையைத் தூக்க மாட்டார். மாலையோடு அவர் திரும்பும்போது கூட்டத்தில் முன்னால் நின்று, விற்றவனைப் பார்க்கிற அதே பார்வையைப் பார். அதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் உன்னிடம் துப்பு வாங்கிக்கொண்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பார். ஒரு மேட்சையும் உன்னால் ஒழுங்காக ஆட முடியவில்லை, இதையாவது ஒழுங்காக நடித்துக் கொடு.

அம்மா